கனரக லாரியில் கியர் மாற்றப் பழகுவது எப்படி? புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

காரோ குட்டியானையோ ஓட்டிப் பழகியவர் முதன்முதலாக ஒரு டாரஸ் லாரியில் ஏறி உட்கார்ந்தால் அவரை அதிகம் திணறடிப்பது கியர்தான். வண்டியின் நீளமும் அகலமும் சில நாட்களில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். கியர் அப்படி இல்லை. காரில் செய்ததையே இங்கே செய்தால் கரகரவென்று கத்தும், வண்டி குலுங்கும், நடு மேட்டில் நின்றுவிடும்.

காரணம் இன்ஜினில் இருக்கிறது. ஒரு பெட்ரோல் கார் இன்ஜின் 6,000 ஆர்பிஎம் வரை, அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை சுற்றும். லாரியின் டீசல் இன்ஜின் பெரும்பாலும் 2,500-ஐத் தாண்டாது. அதிலும் நல்ல இழுவை கிடைப்பது ஏறத்தாழ 1,200 முதல் 1,600 வரைதான். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் இன்ஜினை வைத்துக்கொண்டே, பத்து சக்கர வண்டியில் லோடோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கும் எடையை நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் ஆறு கியர், ஒன்பது கியர் என்று வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி இப்போது எந்த வேகத்தில் உருள்கிறதோ, அந்த வேகத்தில் ஒவ்வொரு கியருக்கும் பொருத்தமான ஒரு ஆர்பிஎம் உண்டு. இன்ஜின் அந்த ஆர்பிஎம்முக்கு வந்துவிட்டால் கியர் லேசாகத் தள்ளினாலே விழும். வராவிட்டால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் முரண்டு பிடிக்கும். கியரை ஏற்றுவது, இறக்குவது, மேடு, மலை இறக்கம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் அடிப்படை. ஆகவே கையோடு சேர்த்துக் காதையும் பழக்குங்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே ஆர்பிஎம் மீட்டர் எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு வாகனம் ஓட்டக் குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகு ரக வாகன உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆன பிறகே பழகுநர் உரிமம் தருவார்கள். எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை 2019-இல் நீக்கிவிட்டார்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையமும், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பிரிவும் இருக்கின்றன. கிளீனராக ஏறி, போகிற போக்கில் ஓட்டுநரிடம் கற்றுக்கொண்டவர்கள்தான் நம் ஊரில் அதிகம். எப்படிக் கற்றாலும் பக்கத்து சீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இல்லாமல் ரோட்டில் பழகாதீர்கள்.

வண்டியை அசைப்பதற்கு முன்

முதலில் கியர் ராடின் குமிழில் அல்லது டேஷ்போர்டில் இருக்கும் கியர் படத்தைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும். ஆறு கியர் வண்டியில் குழப்பம் குறைவு, காரைப் போன்ற அமைப்புதான். ஒன்பது கியர் வண்டியில் ஒரு கிராலரும் (ஃபர்ஸ்டையும் விட மெதுவாக, அதிக இழுவையோடு ஊரும் கியர்) எட்டு கியரும் இருக்கும். அந்த எட்டில் 1 முதல் 4 வரை லோ, 5 முதல் 8 வரை ஹை. லோவிலிருந்து ஹைக்குப் போவது இரண்டு விதம். சில வண்டிகளில் குமிழின் பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தூக்கினால் ஹை, இறக்கினால் லோ. அங்கே ராடு 1-இல் நின்ற அதே இடத்தில்தான் 5-உம் இருக்கும். வேறு சில வண்டிகளில் ஸ்விட்ச் கிடையாது. 3, 4 இருக்கும் வரிசைக்கு வலப்பக்கம் 5, 6 என்று தனி வரிசை இருக்கும். ராடை உள்ளங்கையால் வலப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் அந்தப் பக்கம் போய்விடும்.

அடுத்தது ஏர். பிரேக் பிடிப்பதும் ஹை, லோ மாறுவதும் காற்றழுத்தத்தால்தான். கிளட்ச் மிதிப்பதற்கு லேசாக இருப்பதும் காற்றின் உதவியால்தான். ஸ்டார்ட் செய்து ஏர் மீட்டர் முழுதாக ஏறி, எச்சரிக்கை சத்தமும் விளக்கும் அணையும் வரை வண்டியை எடுக்க நினைக்காதீர்கள். ஏர் குறைவாக இருக்கும்போது ஹை விழவில்லை என்று ராடோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஏர் ஏறியதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இன்ஜினை நிறுத்துங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு, கண்ணாடி வழியே நேராக ரோட்டைப் பார்த்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். 1, 2, 3, 4 என்று வரிசையாக ஏற்றி இறக்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரை ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லி அதைப் போடுங்கள். கண் ஒரு முறைகூட ராடுக்குப் போகக் கூடாது. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், தப்பே இல்லை. ராடை முஷ்டியாக இறுக்கிப் பிடிக்காமல், குமிழின் மேல் உள்ளங்கையை வைத்து விரல்களைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ராடைத் தானே ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது அப்போதுதான் கைக்குத் தெரியும். அந்த இடம் தெரிந்துவிட்டால் மற்ற கியர்கள் எங்கே என்று கை தானாகக் கண்டுபிடிக்கும்.

வண்டியை நகர்த்துவது

காலி வண்டியைச் சமதளத்தில் செகண்டில் எடுக்கலாம். லோடு இருந்தால் ஃபர்ஸ்ட். லோடோடு மேட்டில் நிற்கிறது, குவாரியிலோ சேற்றிலோ மாட்டியிருக்கிறது என்றால் கிராலர். கிராலரும் ரிவர்ஸும் பெரும்பாலான வண்டிகளில் சிங்க்ரோமெஷ் (கியர் விழும் முன் பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இல்லாதவை. வண்டி முழுதாக நின்ற பிறகே அவற்றைப் போட வேண்டும்.

கிளட்சை அடிவரை மிதியுங்கள். மிதித்ததும் கியரைப் போடாமல் இரண்டு மூன்று நொடி பொறுங்கள். கிளட்ச் பிளேட் சுற்றி நிற்க அவ்வளவு நேரம் ஆகும். பொறுக்காமல் போட்டால்தான் அந்தக் கரகர சத்தம். சில சமயம் சத்தமே இல்லாமல், எதிலோ இடித்த மாதிரி ராடு பாதியில் நிற்கும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்கின்றன என்று அர்த்தம். அழுத்தித் தள்ளாமல் நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை லேசாக விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள், விழுந்துவிடும்.

இப்போது ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். காரில் பழகியவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் சமதளத்தில் ஃபர்ஸ்டில் லாரி ஐடிலிங்கிலேயே நகர்ந்துவிடும். இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கி, கேபின் லேசாக நிமிர்வதை உணர்வீர்கள். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அந்த இடத்தில் ஒரு கணம் காலை நிறுத்தி, வண்டி உருளத் தொடங்கியதும் முழுதாக விட்டுவிட்டு ஆக்சிலேட்டருக்குப் போங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்சை விடுபவர்கள் கிளட்ச் பிளேட்டைத் தேய்க்கிறார்கள். கருகிய வாசனை வந்துவிட்டால் உடனே ஓரம் கட்டி ஆறவிடுங்கள்.

மேட்டில் எடுக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டபடியே கிளட்சை அந்தப் பிடிக்கும் இடம் வரை கொண்டுவந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னே இழுக்கப் பார்க்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். டிராஃபிக்கில் வண்டியை ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிறுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கியர் ஏற்றுவது

ஒன்பது கியர் வண்டியில் பெரும்பாலும் ஒரு கியர் ஏற்றும்போது இன்ஜின் வேகம் கால்வாசிக்கு மேல் இறங்க வேண்டும். 1,900-இல் மாற்றினால் அடுத்த கியருக்கு 1,400 பக்கம் வர வேண்டும். ஆறு கியர் வண்டியில் கீழ் கியர்களுக்கு நடுவே இடைவெளி இன்னும் பெரிது. செகண்டிலிருந்து தேர்டுக்கு 2,000-இல் மாற்றினால் 1,200 வரை இறங்க வேண்டியிருக்கும். டீசல் இன்ஜினின் கனமான ஃபிளைவீல் வேகம் இறங்க நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தை நீங்கள் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதும் கிளட்சை மிதிப்பதும் ஒன்றாக நடக்கட்டும். ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கணம் நில்லுங்கள். இன்ஜின் சத்தம் இறங்குவது கேட்கும். இறங்கும்போதே ராடை அடுத்த கியரின் வாசலில் லேசான அழுத்தத்தோடு வையுங்கள், உள்ளே இருக்கும் சிங்க்ரோமெஷ் மீதி வேலையைச் செய்து கியரை வாங்கிக்கொள்ளும். ராடை இடிப்பதற்கும் அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கை கற்றுக்கொள்ள வேண்டும். இடித்தால் சிங்க்ரோ வளையம் தேயும். அதை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும், செலவும் பெரிது.

ஒவ்வொரு கியரிலும் சிவப்பு வரை இழுக்கத் தேவையில்லை. மீட்டரில் இருக்கும் பச்சைப் பட்டைக்குள்ளேயே மாற்றுங்கள். காலி வண்டியில், அல்லது லேசான இறக்கத்தில், 2, 4, 6 என்று விட்டுவிட்டுப் போடலாம். லோடு வண்டியில் மேட்டில் ஏற்றும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆர்பிஎம்மில் மாற்றுங்கள். நியூட்ரலில் இருக்கும் அந்த ஒரு நொடியிலேயே மேடு வண்டியின் வேகத்தைத் தின்றுவிடும்.

4-க்கும் 5-க்கும் நடுவே

ஸ்விட்ச் வண்டியில், 4-ஆம் கியரில் ஓடும்போதே ஸ்விட்சைத் தூக்கி வைத்துவிடுங்கள். எதுவும் நடக்காது. ராடு நியூட்ரலைக் கடக்கும்போதுதான் ஹை விழும். அதற்கு ஒரு மூச்சு நேரம் கொடுத்து 5-ஐப் போடுங்கள். இறங்கும்போதும் அப்படியே, 5-இல் இருக்கும்போது ஸ்விட்சை இறக்கி வைத்துவிட்டு 4-க்கு வாருங்கள். வண்டி உருளும்போது நியூட்ரலில் வைத்துக்கொண்டு ஸ்விட்சை விளையாட்டாகத் தட்டக் கூடாது.

ராடைத் தட்டி ஹைக்குப் போகும் வண்டியில் ஆபத்து வேறு இடத்தில். 7-லிருந்து 6-க்கு இறக்கும்போது அவசரத்தில் ராடை இடப்பக்கம் பலமாகத் தள்ளினால் 5, 6 வரிசையைத் தாண்டி 3, 4 வரிசைக்குப் போய்விடும். அந்த வேகத்தில் லோ விழுந்தால் கியர் பாக்ஸ், கிளட்ச் இரண்டுக்கும் அடி. 7-ஐ விட்டதும் கையைத் தளர்த்திவிடுங்கள். ஸ்பிரிங் ராடைத் தானே 5, 6 வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அங்கிருந்து நேராகப் போட்டால் போதும்.

கியர் இறக்குவது

ஏற்றும்போது இன்ஜின் வேகம் இறங்கக் காத்திருந்தோம். இறக்கும்போது அதை நாமே ஏற்றித் தர வேண்டும். 7-ஆம் கியரில் 1,300-இல் ஓடும் வண்டியை 6-க்கு இறக்கினால் இன்ஜின் 1,750 பக்கம் இருக்க வேண்டும். கொடுக்காமல் கிளட்சை விட்டால் வண்டி பின்னால் யாரோ இழுத்த மாதிரி குலுங்கும்.

பழைய டாடா, லேலண்ட் வண்டிகளில் சிங்க்ரோமெஷ் இல்லாத காலத்தில் டபுள் கிளட்ச் தெரியாமல் ஓட்டவே முடியாது. இன்றைய வண்டிகளில் அது கட்டாயமில்லை. ஆனாலும் புதியவர்கள் எல்லோரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். ஆர்பிஎம் பொருத்தம் என்றால் என்ன என்று உடம்புக்குப் புரியவைக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

முறை இது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். நியூட்ரலில் கிளட்சை விடுங்கள். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் சத்தத்தை உயர்த்துங்கள். உடனே மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நொடிதான். ஆக்சிலேட்டர் சரியாகக் கொடுத்திருந்தால் கியர் சத்தமே இல்லாமல் விழும். குறைந்திருந்தால் ராடு தடுக்கும். அதிகமாகிவிட்டால் ஒரு கணம் பொறுங்கள், வேகம் இறங்கி வரும்போது தானே விழும். ஆளில்லாத நீண்ட ரோட்டில், காலி வண்டியில், 5-க்கும் 4-க்கும் நடுவே வேண்டாம், 4-க்கும் 3-க்கும் நடுவே திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

மேடு

மேட்டில் கியரை இறக்கத் தாமதிப்பதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. வண்டி திணறி 1,000-க்குக் கீழே வந்த பிறகு ராடைத் தேடுவார்கள். அதற்குள் வேகம் விழுந்திருக்கும். இறக்கிய கியரும் பற்றாது, மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் வேகம் போகும். 1,300-ஐத் தொடும்போதே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். மேடு செங்குத்தாக இருந்து ஆர்பிஎம் மடமடவென்று விழுந்தால் நடுவில் ஒன்றை விட்டு இரண்டு கியர் கீழே போடுங்கள். முன்னால் லோடு லாரி ஊர்ந்துகொண்டிருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால், அதன் பின்னால் எந்தக் கியரில் ஏறப்போகிறோம் என்பதை அப்போதே முடிவு செய்யலாம்.

மலை இறக்கம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. லோடு லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே போகும் வண்டிகள் மேல் ஏறிய விபத்துகள் அங்கே எத்தனையோ நடந்திருக்கின்றன. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

டீசல் மிச்சமாகும் என்ற அந்தக் கணக்கே தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஐடிலிங்கில் ஓட டீசல் குடிக்கும். ஆக இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர் டீசலையும் எரித்து, வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த இன்ஜினையும் விட்டுவிடுகிறார். மொத்த எடையும் பிரேக் லைனிங்கின் மேல் வந்து விழுகிறது. தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அடிக்கடி மிதித்து விடுவதால் ஏரும் இறங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, வண்டி மெதுவாக இருக்கும்போதே கியரை இறக்கிவிடுங்கள். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று பெரிய டிரைவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு அது சரியாக இருந்தது. இன்றைய வண்டிகள் சக்தி அதிகம், அதே மேட்டை ஒரு கியர் கூடுதலாகவே ஏறிவிடுகின்றன. ஆகவே லோடு இருந்தால் ஏறுவதற்குப் போதுமான கியரைவிட ஒன்று குறைவாக வைத்து இறங்குங்கள். இன்ஜினின் புகை வெளியேறும் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் கூடுதலாக இருந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும், ஆகவே இன்ஜின் கொஞ்சம் இரைந்தால் பயப்படாதீர்கள். சிவப்பைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் காலி வண்டியாக இருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்கில் பின் சக்கரம் வழுக்கலாம், வேகத்தை முன்கூட்டியே இன்னும் குறைத்துவிடுங்கள்.

ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போனால் ஒரே அழுத்தாகக் கால் பிரேக்கை மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். மறுபடி ஏறும்போது மறுபடி. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வரக் கூடாது. கிளட்சிலும் கால் வைக்கக் கூடாது. கிளட்சை மிதித்தால் அது நியூட்ரலில் விட்டதற்குச் சமம், எக்ஸாஸ்ட் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது.

நடு இறக்கத்தில் கியர் பற்றவில்லை என்று தெரிந்தால்? 7-இல் 2,200 ஓடிக்கொண்டிருக்கும்போது 6-ஐப் போடப் பார்த்தால் இன்ஜின் 2,900-ஐத் தாண்ட வேண்டும். அந்த வேகத்துக்கு இன்ஜின் வராது. கியரும் விழாது, விட்ட கியரும் திரும்பக் கிடைக்காமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் கால் பிரேக்கால் 1,500 பக்கம் கொண்டுவாருங்கள், பிறகு இறக்குங்கள். 6-இல் 2,000 வரும், வண்டி பிடிபட்டுவிடும். பண்ணாரியிலிருந்து ஆசனூர் போகும் வழியில் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மாதிரி ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே கியரை முடித்துவிட்டு, வளைவுக்குள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் விழாமல் போனால்

மேட்டிலோ சமதளத்திலோ கியர் விழவில்லை என்றால் ராடோடு சண்டை போடாமல் பிரேக்கை மிதித்து, ஓரமாக நிறுத்தி, ஃபர்ஸ்டிலிருந்து தொடங்குங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். இறக்கத்தில் இது நடந்தால் யோசிக்கவே வேண்டாம். ஏர் இருக்கும்போதே, டிரம் சூடேறுவதற்கு முன்பே, ஒரே அழுத்தாகப் பிரேக்கைப் பிடித்து வண்டியை முழுதாக நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும்போது

ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை நிறுத்திய பிறகு, முன்பக்கம் மேடாக இருந்தால் ஃபர்ஸ்டிலும், இறக்கமாக இருந்தால் ரிவர்ஸிலும் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மறுநாள் கட்டையை எடுக்கும் முன் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்து, ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து ஏர் ஏற்றுங்கள். ஏர் முழுதாக ஏறிய பிறகு கீழே இறங்கிக் கட்டையை எடுத்துக்கொள்ளலாம்.